சனிக்கிழமைக் கவர்கள்

டுலூத், மினசோட்டா
11 ஜனவரி 1987

அன்புள்ள ரே,

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். இன்று எழுதிவிடுகிறேன்.

நீயும் ஆர்லீனும் நலமா? வயோமிங் காற்று டிரெய்லர் வீட்டையே ஆட்டும் என்கிறார்கள். இங்கே ஏரி ஓரம் உறைந்துவிட்டது. எனக்கு முதுகுவலி தவிர வேறு குறை இல்லை.

கிறிஸ்துமஸ் அட்டையில் நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். ஓய்வு பெறலாம் என்று பென்ஷன் நிதி அலுவலகத்தில் கேட்டாயாம். முப்பது வருடம் ஆகவில்லை, இருபத்தொன்பதுதான் என்றார்களாம். "எவனோ ஒரு குமாஸ்தா தூங்கிட்டான், இன்னும் ஒரு வருஷம் உழைச்சா போச்சு" என்று எழுதிவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் எண்ணூறு மைல் தள்ளிப் போய் ஒரு மின் நிலையத்தில் வெல்டிங் முகமூடி மாட்டிக்கொண்டிருக்கிறாய்.

அந்த அலுவலகத்தில் யாரும் தூங்கவில்லை. உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோபம் அடங்குகிறது. கான்ட்ராக்டர் மாதாமாதம் நிதிக்கு ஒரு படிவம் அனுப்புகிறான். ஆள் பெயர், அவன் அந்த மாதம் உழைத்த மணி, மணிக்கு இவ்வளவு டாலர் என்று ஒரு காசோலை. வருடத்தில் ஆயிரம் மணி சேர்ந்தால் ஒரு வருடம் ஏறும். முப்பது வருடம் ஏறினால் எந்த வயதிலும் முழுப் பென்ஷன். ஆயிரத்துக்கு ஒரு மணி குறைந்தாலும் அந்த வருடம் போயிற்று. படிவத்தில் ஏறாத மணி, உழைக்காத மணி.

நீ இழந்த அந்த ஒரு வருடம் 1983. அதில் உன் பெயருக்கு 946 மணி. ஐம்பத்து நான்கு குறைவு. அந்த இலையுதிர் காலத்தில், காகித ஆலையை நிறுத்திப் பழுதுபார்த்த ஷட்டவுனில் ஒன்பது சனிக்கிழமைகள், தலா பத்து மணி நேரம் வேலை பார்த்தாய். அந்தத் தொண்ணூறு மணியும் படிவத்தில் இல்லை. நம் கான்ட்ராக்டர் மெர்ல் ஆஸ்ட்விக் அதற்குப் பழுப்புக் கவரில் ரொக்கமாகக் கொடுத்தான். வரி பிடிக்காததால் வார நாள் காசோலையைவிடத் தடியாக இருந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டீர்கள்.

ஃபோர்மேன் என்பதால் சட்டைப்பையில் ஒரு நேரப் புத்தகம் வைத்திருந்தாயே, யார் எத்தனை மணி என்று. அதை எனக்கு அனுப்பு. உழைத்தது நிரூபணமானால் நிதி அந்த மணிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. பணத்தை மெர்லிடம் அவர்கள் வசூலித்துக்கொள்வார்கள். நீ நாளைக்கே வீடு திரும்பலாம்.

என் சங்கதி ஒன்று. டிசம்பர் 19 அன்று மெர்லின் மகன் என்னைக் கூப்பிட்டு, இனி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றான். அவர்கள் ஆபீசில் இருபது வருடம். ஆபீஸ் ஆள் தொழிற்சங்கத்தில் இல்லை, ஆகையால் எனக்குப் பென்ஷன் கிடையாது. ஊரார் பென்ஷன் படிவத்தையெல்லாம் தட்டச்சு செய்தவனுக்கு, கையில் ஒரு புகைபோட்ட பன்றித்தொடை கொடுத்து அனுப்பினார்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
லென்

*

கில்லட், வயோமிங்
பிப்ரவரி 1

லென் அண்ணே,

நாங்க நல்லாருக்கோம். ஆர்லீன் உன்ன விசாரிச்சா. உன் முதுகுக்கு வெந்நீர்ப் பை வெச்சுக்கணுமாம்.

என் எழுத்தப் பாத்து சிரிக்காத. கைய லேசா சுட்டுக்கிட்டேன், அதான் கோழி கிளறுன மாதிரி இருக்கு. நீ காலேஜ் படிச்சவன், அழகா எழுதுவ. நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன்.

ஆயிரம் மணிதானே? வாரம் நாப்பதுன்னா ஜூலைக்குள்ள முடிஞ்சிரும். இங்க வந்த அன்னிக்கே கார்டுல கையெழுத்துப் போட்டுட்டேன், இங்க என் பேர்ல விழுற பென்ஷன் காசெல்லாம் நம்ம ஊர் நிதிக்கே வந்து சேரும். அதுல ஒண்ணும் ஓட்டை இல்ல.

மெர்ல விட்டுரு. அப்பா சவப்பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் குடுத்தவன் அவன். அதுவும் போக, நீ யாருக்கு எழுதப் போற? நிதியோட அறங்காவலர்ல பாதிப்பேர் கான்ட்ராக்டருங்க. மெர்ல் அதுல ஒருத்தன். அவன் மேல புகார அவன்கிட்டயே குடுப்பியா? "வாங்க லென், உக்காருங்க, டீ சாப்பிடுறீங்களா?"ம்பான்.

நேரப் புத்தகம் எங்க கிடக்குதோ தெரியல.

பன்னித்தொடைய என்ன பண்ணுன? எலும்ப வீசிராத, பட்டாணி சூப்புக்கு நல்லாருக்கும்.

உன் தம்பி
ரே

*

டுலூத்
8 மார்ச் 1987

அன்புள்ள ரே,

சுட்ட கை ஆறிவிட்டதா? கடிதத்தில் சொல்லவில்லை. முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்தேன், ஆர்லீனுக்கு நன்றி.

வெள்ளிக்கிழமை மாதா கோவில் கீழ்த்தளத்தில் தவக்கால மீன் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். மெர்ல் நம் கத்தோலிக்கச் சபை இல்லை, லூதரன், இருந்தாலும் மீன் என்றால் எந்தச் சபையும் அவனுக்குச் சம்மதம். வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றான்.

"வாய்யா லென்! வேலை வெட்டி இல்லாம இருக்கிறது உடம்புக்கு ஒத்துக்கிச்சு போல. ரெண்டு சுத்து பெருத்துட்ட."

"பன்றித்தொடை உபயம்" என்றேன். பிறகு நேராகக் கேட்டேன், 83 ஷட்டவுன் சனிக்கிழமைகளை இப்போதாவது நிதிக்குத் தெரிவித்துக் கட்டிவிடலாமே, ரேக்கு ஐம்பத்து நான்கு மணிதான் குறைகிறது என்று.

அவன் மீன் துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். "கவர வாங்கினப்ப எவனாவது அழுதானா? அந்த வருஷம் ஊர்ல எந்தக் கான்ட்ராக்டர்கிட்ட வேலை இருந்துச்சு, சொல்லு. முழு ரேட்டும் கட்டியிருந்தா கம்பெனிய மூடிட்டுப் போயிருப்பேன். உன் தம்பிக்குத் தொள்ளாயிரம் என்ன, தொண்ணூறு மணிகூடக் கிடைச்சிருக்காது."

"அது சட்டம் இல்லையே மெர்ல்."

"சட்டமா? ஒவ்வொருத்தன் பாக்கெட்லயும் கவர சொருகினது யாரு? நானா? உன் தம்பிய்யா."

இன்னும் ஒன்று சொன்னான். அது நமக்குள் வேண்டாம். கடைசியில் என் தோளைத் தட்டி, "முட்டைக்கோஸ் சாலட் எடுத்துக்கோ, இன்னிக்கு நல்லாருக்கு" என்றான்.

நான் அறங்காவலர்களுக்கு எழுதப்போவதில்லை. நிதியின் தணிக்கையாளர் மினியாபொலிசில் இருக்கிறார். எந்தக் கான்ட்ராக்டரின் சம்பளக் கணக்கையும் திறந்து பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வெறும் வாய்ச்சொல் போதாது. புத்தகத்தைத் தேடு.

அன்புடன்
லென்

*

கில்லட்
மார்ச் 22

அண்ணே,

சுகந்தான்.

மெர்ல் சொன்னது பொய்யா? நான்தான் சொருகினேன். ஆறு பேரு, என்னையும் சேத்து. அந்த வருஷம் வேலைக்கு ஆள் அனுப்புற சங்க மண்டபத்துல வேலையில்லாதவங்க பட்டியல் செவுரு முழுக்கத் தொங்குச்சு, மறந்துட்டியா? அந்த ஆறு பேர்ல லூயிக்கு வீடு ஏலத்துக்குப் போற நிலைமை. அந்த ஒம்போது கவரு இல்லன்னா போயிருக்கும். சனிக்கெழமை சாயங்காலம் நான் கவர நீட்டுனப்ப அவன் என் கையப் புடிச்சுக்கிட்டு விடல. இப்ப நான் அந்தக் கையால அவன் பேர எழுதிக் குடுக்கவா? படிவத்துல ஏத்தாம வேலை பாத்தான்னு சங்கத்துல கூப்பிட்டு நிக்க வெச்சு அபராதம் போடுவாங்க. எனக்கும்தான். ஃபோர்மேனுக்கு ரெண்டு மடங்கு.

ஒண்ணு கேக்குறேன், நேராச் சொல்லு. நீ எனக்காக எழுதுறியா, மெர்ல் உன்ன தூக்கிப் போட்டதுக்காக எழுதுறியா? மூணு வருஷமா வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? உன் வேலை போனதும்தான் என் மணி நேரம் ஞாபகம் வருது.

அப்பா மூலமா சங்க அட்டை எனக்கு வந்ததுல இருந்து நீ இப்படித்தான். முப்பது வருஷமா மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு.

ரே

*

டுலூத்
29 மார்ச் 1987

ரே,

உடம்பைப் பார்த்துக்கொள். ஆர்லீனைக் கேட்டதாகச் சொல்.

அட்டைப் பேச்சை நீதான் எடுத்தாய். ஆகவே எழுதுகிறேன்.

1956இல் சங்கம் ஒரு உறுப்பினரின் ஒரே ஒரு மகனைத்தான் தொழில் பழக எடுத்துக்கொண்டது. நான் மூத்தவன். இருபத்தைந்து வயது. அப்பா சமையலறை மேசையில் விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் நிற்கும்போதே, "லென்னுக்குப் படிப்பு வருது. ரேக்கு என்ன வரும்? அட்டை அவனுக்கு" என்றார். அது எனக்குப் பாராட்டு என்று எல்லோரும் நினைத்தீர்கள். படிப்பு வந்தவன் ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சுண்ணாம்புத் தூளைத் தின்றான். அங்கே சம்பளம் போதாமல் மெர்லின் ஆபீசுக்கு வந்து, தன் தம்பி ஒரு மணிக்குச் சம்பாதிப்பதில் பாதிக்கு, தம்பியின் மணிகளை எழுதிக்கொண்டிருந்தான்.

அதைக்கூட நான் விழுங்கிவிட்டேன். 83ஆம் வருடம் நவம்பரில் உன் வீட்டு நன்றித் திருநாள் விருந்து நினைவிருக்கிறதா? வான்கோழியை நான் வெட்ட எழுந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, இருபது பேருக்குக் காட்டினாய். "பாருங்கப்பா, எங்க அண்ணன் கைய! பாதிரியார் கை மாதிரி, பஞ்சு! அட்டைய எந்தக் கையில குடுக்கணும்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு." பிள்ளைகள் முதல் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தியை உன்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நீ அதை அன்றே மறந்திருப்பாய்.

உனக்காகவா, என் கோபத்துக்காகவா என்று கேட்டாய். இரண்டும்தான். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் மணி உன்னுடையது, பென்ஷன் உன்னுடையது. என் கோபத்தால் உனக்கு நன்மை வந்தால் வேண்டாம் என்பாயா?

லென்

*

டுலூத்
19 ஏப்ரல் 1987, ஈஸ்டர்

அன்புள்ள ரே,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நலம்தானே?

கோவிலில் எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். லூயி கேட்டான். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அஞ்சாதே. கடையில் வாங்கிய வால்நட் ரொட்டி அம்மா சுட்டதுபோல் இல்லை, அரைவாசி வீணாயிற்று.

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். ஒரு வரியாவது போடு.

லென்

*

கில்லட்
மே 3, 1987

அன்புள்ள லென் அத்தான்,

உங்க உடம்பு எப்படி இருக்கு? நான் எழுதுறது அவருக்குத் தெரியாது. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு, துணி துவைக்கிற கடையில உக்காந்து எழுதுறேன்.

அவர் கைய சுட்டுக்கல. கை நடுங்குது, அத்தான். வலது கை. ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா. காப்பிக் கோப்பையப் பாதிதான் ஊத்துவார், முழுசா ஊத்துனா சிந்தும். ஜனவரியில இங்க வந்ததும் வெல்டிங் பரிசோதனை வெச்சாங்க. குழாய் சுத்தி ஒரே சீரா ஓட்டணுமே, அவரால முடியல. இங்க இருக்கிற ஃபோர்மேன் பழைய சிநேகிதர். வெளிய சொல்லாம டூல் ரூம்ல உக்கார வெச்சு, சாமான் எடுத்துக் குடுக்கிற வேலை போட்டார். அதுவும் தினமும் இல்ல. இதுவரைக்கும் நானூத்திப் பத்து மணிதான் ஆயிருக்கு. ஜூன் ஒண்ணாந்தேதி புது மேலாளர் வர்றாராம். எல்லாருக்கும் மறுபடி பரிசோதனையாம்.

"டாக்டர்கிட்ட காட்டலாம்"னா, "கை நடுங்குற வெல்டர்னு ஒருதடவ பேர் ஆயிட்டா எந்த ஊர் மண்டபத்துலயும் என்ன கூப்பிட மாட்டாங்க"ங்கிறார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைய தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துக்கிறார். நான் பாக்காத மாதிரி இருந்துக்கிறேன்.

நேரப் புத்தகம் தொலையல. அவர் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில இருக்கு. உங்க மார்ச் கடைசிக் கடுதாசியப் படிச்சுட்டு அதையும் அந்த டப்பாவுலயே வெச்சுக்கிட்டார். "அந்தக் கைய நான் ஏன் தூக்கிக் காட்டுனேன் ஆர்லீன்?"னு ஒரு தடவ கேட்டார். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. ஜனவரி கடுதாசியில 946ன்னு எண்ணை அப்படியே எழுதியிருந்தீங்க. எங்களுக்கே அந்த எண் தெரியாது. அந்த வருஷம் படிவத்த அடிச்சது நீங்கதானே, அத்தான்? அப்பவே உங்க கண்ணுல படலையா? வருஷம் முடியறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா எப்படியாவது ஒரு வாரம் வேலை பாத்திருப்பாரே?

உங்கள்
ஆர்லீன்

*

டுலூத்
11 மே 1987

அன்புள்ள ஆர்லீன்,

நான் நலம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உடனே எழுதவில்லை, மன்னிக்க வேண்டும்.

கையைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இங்கே வந்தால் நானே கூட்டிப்போகிறேன். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பரிசோதனைக்கு அவன் உட்காரவே கூடாது. அதற்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். எல்லோர் முன்னாலும் தோற்பது அவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஐந்நூறு மணியோடு வந்தால் இந்த வருடம் ஏறாது. ஆகவே 83ஐ மீட்பதுதான் ஒரே வழி. அதற்குப் புத்தகம் வேண்டும். அதில் உள்ள எழுத்து ரேயின் கையெழுத்து என்பதால் சங்கத்தின் அபராதம் அவனுக்கு வரத்தான் செய்யும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. முழுப் பென்ஷனோடு பார்த்தால் அது சின்னத் தொகை. சொல்லிப் பார்.

டிரெய்லர் வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்க மறக்காதே. ரசீது இருந்தால் தருவார்கள். வழியில் பனி இருக்காது, ஆனாலும் பகலில் மட்டும் ஓட்டுங்கள். காரின் பின் சக்கரங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்
லென்

*

கில்லட்
ஜூன் 7

அண்ணே,

எப்படி இருக்க? இத ஆர்லீன் கையால எழுதுறேன். நான் சொல்லச் சொல்ல அவ எழுதுறா. இனிமே உங்கிட்ட ஒளிக்க ஒண்ணும் இல்ல.

நாலாந்தேதி வேலைய விட்டுட்டேன். பரிசோதனைக்கு என் பேர் கூப்பிட்டாங்க. முகமூடிய எடுத்துக்கிட்டு நேரா காருக்கு வந்துட்டேன். 486 மணி. ஒண்ணுக்கும் ஒதவாது.

புத்தகத்த இதோட அனுப்புறேன். பசங்க அஞ்சு பேர் பேரு இருந்த எடத்தையெல்லாம் சவரப் பிளேடால வெட்டி எடுத்துட்டேன். நடுங்குற கையால வெட்டுனது, கோணலா இருக்கும். என் பேரு மட்டும் இருக்கு. அபராதம் எனக்குப் போடட்டும், கட்டிக்கிறேன். அவங்க மணி நேரம் அவங்களுக்கு வேணும்னா அவங்களே வந்து கேக்கட்டும். நான் காட்டிக் குடுத்தேன்னு இருக்கக் கூடாது.

ஆர்லீன் உங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாளாம். நீ டிரெய்லர் முன்பணத்தப் பத்தியும் கார் டயரப் பத்தியும் எழுதுனியாம். அவளுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சிருச்சு. ஒரே அறையில படுத்து வளந்தவன் நான், உன்ன எனக்குத் தெரியாதா? எப்பவும் நீ பேச்ச மாத்துனா, தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்.

பதில் சொல்ல வேணாம். நானும் அந்தக் கேள்விய கேக்க மாட்டேன்.

இருபதாந்தேதி வாக்குல ஊருக்கு வந்துருவோம்.

ரே

*

டுலூத்
18 ஜூன் 1987

பென்ஷன் நிதியின் தணிக்கையாளருக்கு,

ஐயா, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பின் தெரியாதவரிடம் அதற்கு மேல் கேட்க முடியாது.

1983 செப்டம்பர் முதல் நவம்பர் வரை, காகித ஆலை ஷட்டவுனில், மெர்ல் ஆஸ்ட்விக்கின் கம்பெனி ஒன்பது சனிக்கிழமைகளில் ஆறு பேரை வைத்துத் தலா பத்து மணி நேரம் வேலை வாங்கியது. கூலியை ரொக்கமாகக் கவரில் கொடுத்தது. அந்த மணிகளைப் படிவத்தில் ஏற்றவில்லை, நிதிக்குப் பணமும் கட்டவில்லை. மெர்ல் ஆஸ்ட்விக் உங்கள் அறங்காவலர்களில் ஒருவர் என்பதால் இதை அவர்களுக்கு அனுப்பாமல் உங்களுக்கு அனுப்புகிறேன்.

அந்த வேலையில் ஃபோர்மேனாக இருந்த ரே கோட்னிக்கின் நேரப் புத்தகத்தை இணைத்திருக்கிறேன். அது அவருடைய எழுத்து. கவர்களைக் கொடுத்தவரும் அவரே. அதை அவர் மறுக்க மாட்டார். பக்கங்களில் ஓட்டைகள் இருக்கும். அங்கே இருந்த பெயர்கள் எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவருக்குத் தொண்ணூறு மணியைச் சேர்த்தால் 1036 ஆகும். அந்த வருடம் ஏறும், முப்பது முடியும். அவருடைய வலது கை இனி வேலைக்கு ஆகாது. ஆகையால் இந்த வருடமோ அடுத்த வருடமோ இதை ஈடுகட்ட அவருக்கு வழி இல்லை.

அந்த மூன்று மாதப் படிவங்களின் கார்பன் நகல்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் 'ச' என்று குறித்திருப்பது சனிக்கிழமைகள். படிவத்தில் ஏறக் கூடாதவை எவை என்று எனக்குத் தெரிவதற்காக மெர்ல் சொல்லி நான் போட்ட குறி. இந்த மார்ச் மாதம் கோவில் சாப்பாட்டு வரிசையில் அவன் என் காதோரம் குனிந்து கேட்டான்: "படிவத்துல கையெழுத்து யாருது லென், என்னுதா?" என்னுடையதுதான்.

நீங்கள் கேட்கப்போகாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 9, 1983, வெள்ளிக்கிழமை. நவம்பர் படிவத்தை முடித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் வருடக் கூட்டல் போட்டுப் பார்த்தேன். அது என் வேலை இல்லை, பழக்கம். ரே கோட்னிக்குக்கு 946 வந்தது. ஷட்டவுன் முடிந்து அவர் வீட்டில் இருந்தார். வருடம் முடிய மூன்று வாரம் இருந்தது. அன்று மாலை நாலு மணிக்கு, ஓர் ஆஸ்பத்திரியின் கொதிகலன் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று சங்க மண்டபத்துக்கு நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். எட்டு நாள் வேலை, அறுபத்து நான்கு மணி. கான்ட்ராக்டர் தனக்கு வேண்டிய ஆளைப் பெயர் சொல்லிக் கேட்கலாம் என்பது ஒப்பந்தம். மறுமுனையில் இருந்தவரும் கேட்டார்.

"பேர் சொல்லி யாராச்சும் வேணுமா லென்?"

கூட்டல் போட்ட தாள் என் முன்னால் இருந்தது. என் கைகளும் அதன் மேல் இருந்தன. அவற்றைப் பற்றி அதற்குப் பதினைந்து நாள் முன்பு ஒரு விருந்தில் சிரித்திருந்தார்கள்.

"வேணாம். பட்டியல்ல மேல இருக்கிற ரெண்டு பேர அனுப்புங்க" என்றேன்.

மெர்ல் ஆஸ்ட்விக் எடுத்தது தொண்ணூறு மணி. அந்த வருடத்தை எடுத்தவன் நான். இதற்கு உங்கள் விதிகளில் இடம் இருக்காது. இருந்தாலும் கோப்பில் இருக்கட்டும். ரே கோட்னிக் என் தம்பி. இதன் நகல் ஒன்றை, அவன் வந்து சேருவதற்குள், அவன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிடுவேன். அவன் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இருபது வருடத்தில் இருநூற்று நாற்பது படிவங்கள். ஒவ்வொன்றிலும் 'மேற்கண்டவை உண்மை' என்ற வரிக்குக் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டேன். அவற்றில் எத்தனை பொய் என்று நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நீங்கள் வருடா வருடம் கணக்கை மூடினீர்கள். பயமில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன். அந்தக் கையெழுத்து வேண்டுமென்றால் இணைத்துள்ள மூன்று நகல்களின் அடியிலும் இருக்கிறது, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இங்கே அதைப் போட்டால் மேலே எழுதியதை எதற்காக நம்ப வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும். கீழே இடத்தை வெறுமையாக விட்டு, இப்படியே மடித்துத் தபாலில் போடுகிறேன்.